நல்லா தூங்கினேன் என்று சொன்னது பொய்

நகரத்து அடுக்குமாடிகளில் இருந்துகொண்டு, ஊரிலிருந்து வரும் எங்களைத் தங்கவைக்கும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் அத்தை எழுதுவது.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தப் பதினைந்து வருஷத்தில் உங்கள் வீடுகளில் காலையில் காப்பி டம்ளரைக் கையில் கொடுத்து, "நல்லா தூங்கினீங்களா அத்தை?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "நல்லா தூங்கினேன்ப்பா" என்று சொன்னேன் அல்லவா, அதில் முக்கால்வாசி பொய். நான் மட்டும் இல்லை. உங்கள் பெரியப்பா, சித்தி, மாமா எல்லோரும் சொன்னது பொய்தான். ஊருக்குத் திரும்பும் ரயிலில்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் உண்மை பேசிக்கொள்வோம். நெல்லை எக்ஸ்பிரஸின் கீழ் பெர்த்தில் காலை நீட்டி, "அப்பாடா, இன்னைக்காவது தூங்கலாம்" என்று உங்கள் பெரியப்பா ஒருமுறை சொன்னார். ரயில் பெர்த் எவ்வளவு அகலம் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் உபசாரத்தில் குறை வைக்க முடியாது. வருகிறோம் என்று போன் போட்டதுமே மெனு தயாராகிவிடுகிறது. ஸ்டேஷனுக்குக் கார் வருகிறது. எந்த ஜவுளிக்கடை, எந்தக் கோயில், எந்த மால் என்று நாள்வாரியாகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள். படுக்கையைப் பற்றி மட்டும் ராத்திரி பத்தரை மணிக்குத்தான் நினைப்பு வருகிறது. ஸ்டூல் போட்டு ஏறி, லாஃப்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்குகிறீர்கள். அதற்குள் இருப்பது எதுவோ அதுதான் எங்கள் ராத்திரி.

சாம்பாரில் உப்புக் கூடினால் நாங்கள் சொல்லிவிடுவோம். படுக்கை சரியில்லை என்று சொல்ல வாய் வராது. சொன்னால் உங்கள் அறையைக் கொடு என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் வருகிறவர்கள் சொல்ல மாட்டார்கள், வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியாது. இப்படியே எத்தனை வருஷம் ஓடும்? எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது. யாராவது ஒருத்தர் எழுதித்தான் ஆகவேண்டும்.

"அந்தக் காலத்தில் எல்லாரும் தரையில்தானே படுத்தீர்கள்" என்று கேட்பீர்கள். படுத்தோம். அம்பாசமுத்திரம் வீட்டில் கல்யாணம் என்றால் பட்டாசல் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து முப்பது பேர் வரிசையாகப் படுத்தது ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. தலையணை பத்துதான் இருக்கும். மற்றவர்கள் மடித்த சேலையையோ, துணிப்பையையோ, பக்கத்தில் படுத்தவரின் தொடையையோ தலைக்கு வைத்துக்கொள்வோம். கொசு பிடுங்கும். ஒரு மணி வரை பேச்சு ஓயாது. நாங்கள் தூங்கினோம் என்றால் வயசு பதினாறு என்பதால் தூங்கினோம். அந்தக் கூட்டத்திலும் தாத்தாவின் கயிற்றுக் கட்டில் முன்பக்கத் தார்சாவில் தனியாகக் கிடக்கும். அதில் வேறு யாரும் உட்காரக்கூட மாட்டார்கள். எந்த உடம்புக்கு எந்தப் படுக்கை என்ற கணக்கு அப்போதும் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. வருகிறவர்களுக்கான படுக்கை வீட்டின் சொத்தாக இருந்தது. அறையின் மூலையில் பாய்கள் சுருட்டி நிற்கும். மரப்பெட்டியின் மேல் மெத்தைகள் அடுக்கி இருக்கும். பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடிக்கிற காலத்தில் போடி பக்கத்துப் பஞ்சு கடைக்கு வரும். மெத்தை தைப்பவர் திண்ணையில் உட்கார்ந்து, பழைய மெத்தையைப் பிரித்து, கட்டிதட்டிப் போன பஞ்சைக் கோலால் அடித்துப் பிரித்து, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்து மறுபடி தைத்துக் கொடுப்பார். தெருவே பஞ்சாகப் பறக்கும். நாங்கள் தும்மிக்கொண்டு அலைவோம். அடுத்த பத்துப் பதினைந்து விருந்தாளிகளுக்கு அந்த மெத்தை தாங்கும்.

சரி, இன்றைக்கு வருவோம். புது இடத்தில் தூக்கம் வராது என்று நாங்கள் சொன்னால் சாக்கு என்று நினைக்காதீர்கள். 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யுகா சசாகி என்ற ஆய்வாளர்களின் குழு, ஆட்களைப் புது இடத்தில் தூங்கவைத்து மூளையை அளந்து பார்த்தது. முதல் ராத்திரி ஆழ்ந்த உறக்கத்தில்கூட மூளையின் இடப்பாதி வலப்பாதி அளவுக்கு அசந்து தூங்கவில்லை. வலது காதில் ஒரு சின்ன ஓசை விழுந்தால் சட்டென்று விழிப்புத் தட்டியது. சில நாள் கழித்து அதே ஆட்கள் அதே இடத்தில் மறுபடி படுத்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. பாதி மூளை காவலுக்கு உட்கார்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் தூக்கம் கெடுவதற்கு உறக்க ஆய்வாளர்கள் 1966-லேயே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அதைத் தமிழில் சொன்னால் 'முதல் இரவு விளைவு'. நம் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு நாங்கள் வருவது ஒரு ராத்திரிக்கு, மிஞ்சினால் இரண்டு ராத்திரிக்கு. அதாவது எங்களுக்கு வாய்ப்பது எல்லாமே அந்தக் காவல் ராத்திரிதான். அதனால்தான் மெத்தையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஹாலைப் பற்றிப் பேசவேண்டி இருக்கிறது.

இரண்டு படுக்கையறை வீட்டில் விருந்தாளிக்கு ஹால்தான் கதி, புரிகிறது. ஆனால் ஹாலில் படுப்பவர் வீட்டில் கடைசியாகத் தூங்கி முதலில் எழுகிறவர் என்பதை யாராவது யோசித்தீர்களா? பத்து மணிக்கு எனக்குக் கண்ணைச் செருகுகிறது. பேரன் டிவியில் கிரிக்கெட் பார்க்கிறான். அவன் போனதும் நீ லேப்டாப்போடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அமெரிக்காக்காரனோடு மீட்டிங் பேசுகிறாய். "அத்தை, நீங்க படுங்க, எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல" என்கிறாய். தொந்தரவு உனக்கு இல்லையப்பா! பதினொன்றரைக்கு விளக்கு அணைகிறது. ஐந்தரைக்கு வாசல் கைப்பிடியில் மாட்டிய பையில் பால் பாக்கெட் விழுகிறது. ஆறு மணிக்கு வேலை செய்கிற அம்மா மணி அடிக்கிறார். ஆறே காலுக்கு மிக்ஸி. நடுவில் எத்தனை தரம் யார் யார் தண்ணீர் குடிக்க வந்தார்கள் என்று என்னிடம் கணக்கு இருக்கிறது.

இதற்கு மருந்து கடையில் விற்பதில்லை. பிள்ளைகளின் அறையை அந்த இரண்டு ராத்திரிக்கு எங்களுக்குக் கொடுங்கள். பிள்ளைகளை ஹாலில் போடுங்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு ஹாலில் படுப்பது திருவிழா மாதிரி. மிக்ஸி தலைமாட்டில் ஓடினாலும் எழுந்திருக்காது. அது முடியாது என்றால், பத்தரைக்கு ஹாலைக் காலி செய்துவிடுங்கள். மணி அடிப்பவர்களிடம் முந்தின நாளே போனில் சொல்லிவையுங்கள். படுக்கையைப் பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் போகிற வழியில் குறுக்கே போடாமல் சுவரோரமாகப் போடுங்கள்.

இனி அந்த மூட்டைக்குள் இருந்து வெளியே வரும் சாமான்கள்.

காற்றடைத்த படுக்கையைப் பற்றி ஒரு ராத்திரியை அப்படியே சொல்கிறேன். பள்ளிக்கரணைப் பக்கம், பதினோராவது மாடி. நானும் மதினியும் போயிருந்தோம். அண்ணன் மகன் சின்ன மோட்டாரை வைத்து ஊத ஆரம்பித்தான். விமானம் கிளம்புகிற சத்தம். ஐந்தே நிமிஷத்தில் இரண்டு பேர் படுக்கும் மெத்தை எழுந்து நின்றது. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அதன்மேல் ஒரு மெல்லிய பூப்போட்ட விரிப்பு. ஏசியைப் போட்டுவிட்டு, குட் நைட் சொல்லிவிட்டுப் போனான்.

மதினி என்னைவிடக் கனம். அவள் உட்கார்ந்ததும் என் பக்கம் மேலே எழும்பியது. நான் படுத்ததும் அவளை நோக்கிச் சரிந்தேன். அவள் புரண்டால் நான் துள்ளுவேன். நான் புரண்டால் ரப்பர் 'க்ரீச்' என்று டைல்ஸில் உரசும். இரண்டு கிழவிகள் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒரு மணி வரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்று மணிக்குக் கண் விழித்தால் முதுகு ஜில்லிட்டிருக்கிறது, காற்று இறங்கி இருக்கிறது, நாங்கள் இருவரும் நடுப்பள்ளத்தில் மூக்கோடு மூக்கு முட்டிக் கிடக்கிறோம். எழுந்திருக்கலாம் என்றால் கையை ஊன்ற இடமில்லை. ஊன்றின இடமெல்லாம் உள்ளே போகிறது. கடைசியில் மதினி உருண்டு தரைக்கு வந்து, நாற்காலியைப் பிடித்து எழுந்து, என்னை இழுத்துவிட்டாள். மிச்ச ராத்திரிக்கு ஆளுக்கொரு சோபாவில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். விடிவதற்குள் மறுபடி போய்ப் படுத்துக்கொண்டோம். பள்ளிக்கரணைப் பிள்ளையே, நீ பார்த்தால் வருத்தப்படுவாயே.

படுக்கை ஓட்டை என்று நீ நினைத்திருப்பாய். ஓட்டையாக இருக்கவேண்டும் என்றில்லை. சாயங்காலப் புழுக்கத்தில் அடைத்த காற்று ஏசியில் குளிர்ந்தால் சுருங்கும். புதுப் படுக்கை முதல் சில தடவை கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். அதனால் படுக்கையைச் சாயங்காலமே ஊதி வைத்துவிட்டு, ஏசி அறையில் கிடக்கவிட்டு, படுக்கப் போகுமுன் மறுபடி கொஞ்சம் ஊதவேண்டும். முதுகு ஜில்லிட்டதற்குக் காரணம், உள்ளே இருக்கிற காற்று சும்மா இருக்காமல் அசைந்து அசைந்து உடம்புச் சூட்டைக் கீழே கொண்டுபோவது. ஏசி இல்லாத அறையில் இதே படுக்கை வேறு விதமாகப் பழி வாங்கும். வேர்வை உறிஞ்ச வழியில்லாமல் முதுகு ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான். மேலே ஒரு கனத்த பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் பருத்தி விரிப்பு. கீழே, டைல்ஸுக்கும் ரப்பருக்கும் நடுவில், இன்னொரு பழைய ஜமுக்காளம். 'க்ரீச்' நிற்கும். ஒரு படுக்கைக்கு ஒரே ஆள். எழுந்திருக்க ஊன்றிக்கொள்ளப் பக்கத்தில் வழுக்காத நாற்காலி ஒன்று. மூட்டுவலிக்காரரை அதில் படுக்கவைக்கவே வேண்டாம்.

சோபா-கம்-பெட் என்று ஒன்றை வாங்கி வைத்திருக்கிறீர்கள். சோபாவாக உட்கார்ந்தால் முதுகு நிற்காது, பெட்டாகப் படுத்தால் இடுப்பு நிற்காது. இரண்டு வேலைக்கும் அரைச் சம்பளம் வாங்குகிற ஆள் மாதிரி. அதை விரித்ததும் நடுவில் ஒரு பள்ளம் வரும், அல்லது ஓர் இரும்புச் சட்டம் மெத்தைக்குக் கீழே தட்டும். அது சரியாக இடுப்பெலும்பு வரும் இடத்தில் இருக்கும். பள்ளத்தில் பழைய வேட்டியையோ போர்வையையோ இறுக்கமாகச் சுருட்டித் திணியுங்கள், மேல்மட்டத்துக்குச் சமமாக வரும் வரை. அதன்மேல் முழு நீளத்துக்கும் ஒரு மெல்லிய மெத்தை போடுங்கள். இரண்டு அங்குல ஃபோம் போதும். ஆனால் கடையில் அடர்த்தி கேட்டு வாங்குங்கள். 32, 40 என்று கடைக்காரர் சொல்லும் எண் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. எண் குறைவாக இருந்தால் கடையில் பஞ்சு மாதிரி இருக்கும், நாலு விருந்தாளிக்குள் அப்பளமாகிவிடும். எண் எல்லாம் மறந்துபோனால் முழங்கையை ஊன்றி உடம்புப் பாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். முழங்கைக்கு அடியில் சட்டம் தட்டினால் ராத்திரி என் இடுப்புக்கும் தட்டும்.

மடக்குக் கட்டில் பரவாயில்லை. உயரம் இருக்கிறது, எழுந்திருக்கலாம். நைலான் நாடா தொய்ந்துபோய் ஆளை வாழைப்பழம் மாதிரி வளைப்பதுதான் அதன் குணக்கேடு. தாத்தாவின் கயிற்றுக் கட்டிலில் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால் மறுபடி விறைப்பாகிவிடும். நாடாவில் அந்த வசதி இல்லை. தச்சரிடம் சொல்லி, கட்டில் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை அறுத்து வாங்கிச் சட்டத்தின் மேல் போட்டு, நகராமல் நான்கு மூலையிலும் கயிற்றால் கட்டிவிடுங்கள். மேலே மூன்று நாலு அங்குல மெத்தை. அவ்வளவுதான். வெறும் நாடாவின் மேல் விரிப்பைப் போட்டுப் படுக்கவைத்தால் காலையில் முதுகில் கட்டம் கட்டமாகக் கோடு விழுந்திருக்கும். உங்கள் சித்தப்பா அதைக் காட்டிச் சதுரங்கம் ஆடலாம் என்பார்.

தரைப்படுக்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஏனென்றால் நம் ஆட்களுக்கு அது பழகினது, செலவில்லாதது, சரியாகப் போட்டால் நான் சொன்ன எல்லாவற்றையும்விட நல்லது. நாற்பது வயதுக்குக் கீழே, முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கால் தேய்ந்தவருக்குப் படுப்பதைவிட எழுந்திருப்பதுதான் தண்டனை. நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற உயரம், சுமார் ஒன்றரை அடி, படுக்கைக்கும் இருந்தால்தான் அவர் நடுராத்திரியில் தனியாக எழுந்து பாத்ரூம் போக முடியும். ரத்த அழுத்த மாத்திரையில் சிலது நீரைப் பிரிக்கும். இரண்டு மூன்று தடவை எழுந்தே ஆகவேண்டும்.

தரையில் போடும்போது அடியிலிருந்து மேலே கட்டிக்கொண்டு வாருங்கள். டைல்ஸும் மார்பிளும் உடம்புச் சூட்டை வாங்கும். செங்கல் தரையும் சாணி மெழுகிய தரையும் இந்த அளவுக்கு வாங்காது. அதனால் முதலில் ஜமுக்காளம். அதன்மேல் கோரைப்பாய். எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற வழியில்தான் பத்தமடை. தாமிரபரணித் தண்ணீரில் கோரையை ஊறவைத்து, நடுச் சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புறப்பட்டையை இழை இழையாகக் கிழித்து நெய்கிறார்கள். பட்டுப் பாயைச் சேலை மாதிரி மடிக்கலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரையே நெய்து கொடுப்பார்கள். புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. உங்களில் நாலு பேருக்காவது நான் கல்யாணத்துக்கு அதைக் கொடுத்தேன். இரண்டு வீட்டில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. தொங்கட்டும். விருந்தாளிக்கு ஒரு சாதாரணக் கோரைப்பாய் வாங்கி வையுங்கள். பாய் செய்கிற வேலை மெத்தைக்குக் கீழே கொஞ்சம் காற்றோட்டம் விடுவது. தரையில் நேராகப் போட்ட மெத்தை அடியில் வேர்த்து முடை நாற்றம் அடிக்கும்.

பாயின் மேல் இலவம்பஞ்சு மெத்தை. இந்தப் பஞ்சின் இழை உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும். அதற்குள் நிற்கிற காற்றுதான் அதன் மகிமை. வெளியில் மெழுகுப் பூச்சு இருப்பதால் சுலபத்தில் நனையாது. மிதக்கிற பஞ்சு என்பதால் ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். தரையின் சில்லிப்பை அது மேலே ஏறவிடாது, உடம்புச் சூட்டையும் கீழே விடாது. குறை ஒன்றுதான், நாளாவட்டத்தில் அமுங்கிக் கட்டிதட்டும். விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் பால்கனியில் வெயில் படும்படி இரண்டு மணி நேரம் போட்டு, திருப்பிப் போட்டு, நாலு தட்டுத் தட்டினால் உப்பி வந்துவிடும். வெயில் வராத வீடு என்றால் மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள். அசோசியேஷன்காரர்கள் ஆட்சேபித்தால் அத்தை பெயரைச் சொல்லுங்கள்.

தலையணை. இதில்தான் நீங்கள் செய்கிற கொடுமை அதிகம், செலவு மிகவும் குறைவு. சோபாவில் கிடக்கும் சதுரக் குஷனைத் தலைக்குக் கொடுக்காதீர்கள். அதில் ஜிப்பும் கண்ணாடி வேலைப்பாடும் இருக்கும். காலையில் என் கன்னத்தில் ராஜஸ்தான் தெரியும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை அடைக்கிற உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதே உயரம் கழுத்தை முறிக்கும். யார் எப்படிப் படுப்பார் என்று உங்களுக்குத் தெரியாது, கேட்கவும் வேண்டாம். ஒன்று தடிமனாக, ஒன்று மெல்லியதாக, ஆளுக்கு இரண்டு வைத்துவிடுங்கள். வேண்டாத ஒன்று வீணாகாது. ஒருக்களித்துப் படுக்கிறவர் முழங்கால்களுக்கு நடுவில் கொடுப்பார், மல்லாந்து படுக்கிறவர் முழங்காலுக்கு அடியில் கொடுப்பார். இடுப்பு வலிக்கு அதைவிடச் சுலபமான ஆறுதல் எனக்குத் தெரியவில்லை.

அந்துருண்டை வாசனை. லாஃப்ட் மூட்டைக்குள் நீங்கள் போட்டு வைத்த அந்துருண்டை பூச்சியை விரட்டுகிறதோ இல்லையோ, என்னை விரட்டியிருக்கிறது. போர்வையையும் உறையையும் இரண்டு நாள் முன்னால் துவைத்துக் காயப்போடுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. கொசுவலையோ கொசுவத்தியோ, கேட்காமலே. ஏசியை 24-ல் வைத்து, காற்று தலையில் அடிக்காதபடி திருப்பிவிட்டு, ரிமோட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். எப்படி அணைப்பது என்றும் ஒருமுறை காட்டுங்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு, எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வெடிக்குமோ என்று கிடந்த ராத்திரிகள் உண்டு. பாத்ரூம் வழியில் ஒரு ஜீரோ வாட்ஸ் விளக்கு. கை எட்டும் தூரத்தில் தண்ணீரும், கண்ணாடியைக் கழற்றி வைக்க ஒரு ஸ்டூலும், போன் சார்ஜ் போட ஒரு பிளக்கும்.

இத்தனையும் செய்துவிட்டு ஒரு தப்பைச் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "அத்தை, நீங்க எங்க படுக்கறீங்க? ரூம்லயா, ஹால்லயா?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு: "எனக்கு எங்கேன்னாலும் சரிம்மா, ஒரு பாயும் தலகாணியும் போதும்." நாங்கள் வளர்ந்தது அப்படி. நீங்கள் மூன்று தடவை வற்புறுத்துவீர்கள், நாங்கள் மூன்று தடவை மறுப்போம், கடைசியில் ஹால்தான். கேட்காதீர்கள். நாங்கள் வருவதற்கு முன்பே கட்டிலில் புது விரிப்பைப் போட்டு, எங்கள் பையைக் கொண்டுபோய் அந்த அறையில் வைத்துவிடுங்கள். பை போன இடத்துக்கு நாங்களும் போய்விடுவோம்.

முப்பத்தொரு வருஷம் தமிழ் வாத்தியாரம்மாவாக இருந்தவள், மோசிகீரனாரைச் சொல்லாமல் விட்டால் பழைய மாணவிகள் கோபிப்பார்கள். புறநானூற்றில் 50-வது பாட்டு. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்குப் புலவர் போகிறார். நடந்து வந்த களைப்பு. நீராட்டுவதற்காக முரசைக் கொண்டுபோயிருந்தார்கள். முரசு வைக்கிற கட்டில் மெத்தென்று காலியாகக் கிடந்தது. என்ன ஏது என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வெட்டிப்போட வேண்டிய குற்றம். அரசன் வாளை எடுக்காமல் கவரியை எடுத்து வீசினான். வகுப்பில் இதைத் தமிழுக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் நடத்தினேன். இப்போது விருந்தாளியாக ஊர் ஊராய்ப் படுத்து எழுந்தபின் எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அரசன் அவரை எழுப்பவில்லை. "புலவரே, உள்ளே நல்ல கட்டில் இருக்கிறது, அங்கே படுங்கள்" என்றுகூட எழுப்பவில்லை. தூங்குகிற ஆளைத் தூங்கவிட்டு, புழுக்கமாக இருக்குமே என்பதை மட்டும் யோசித்திருக்கிறான். அந்த யோசனை அவனும் புழுக்கத்தில் படுத்து அறிந்தவன் என்பதால் வந்திருக்க வேண்டும்.

நான் உங்களிடம் கேட்பதும் அதுதான். எங்களுக்கு என்று வைத்திருக்கிற படுக்கையில் ஒரே ஒரு ராத்திரி நீங்கள் படுத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து பார்ப்பது கணக்கில் வராது. விளக்கணைத்து, அதே இடத்தில், அதே தலையணையோடு, விடியும் வரை.

கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை மகளிடம் போன மாசம் இதைச் சொன்னேன். விளையாட்டுப்போல ஹாலில் சோபா-கம்-பெட்டை விரித்துப் படுத்தாள். ராத்திரி 2:40-க்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப்: "பெரியம்மா, நம்ம ஃபிரிட்ஜ் இவ்ளோ சத்தம் போடுமா?" நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். போடும் என்று பதில் போட்டேன். மூன்று மணிக்கு இன்னொன்று: "வைஃபை பெட்டில நீல லைட்டு கண்ணுக்கு நேரா மினுக்குது." மூன்று இருபதுக்கு: "அந்தக் கம்பி." அதோடு நிறுத்திவிட்டாள். உள்ளே போய்த் தன் கட்டிலில் படுத்துவிட்டாளாம். காலையில் முதல் வேலையாக நீல விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறாள். ஃபிரிட்ஜின் கால் ஒன்று சரியாக ஊன்றாமல் ஆடியதால்தான் அந்தச் சத்தமாம். அட்டையை மடித்து அடியில் கொடுத்திருக்கிறாள். மெத்தைக்காரரைக் கூப்பிட்டு அளவு எடுத்தாயிற்று. "இத்தனை வருஷம் நீங்க ஏன் சொல்லலை?" என்று என்மேல் பாய்ந்தாள். நீ எப்போது கேட்டாய், காப்பி டம்ளரோடு அல்லவா கேட்டாய் என்றேன்.

ஐப்பசிக் கடைசியில் வளைகாப்புக்கு வருகிறேன், பள்ளிக்கரணைக்கு, இரண்டு ராத்திரி. மதினியும் வருகிறாள். ஹாலில் படுக்கப்போகும் பிள்ளைகளுக்குக் கோரைப்பாய் இரண்டு நான் கொண்டுவருகிறேன். ரயிலில் மேல் பெர்த்தில் வைத்துக்கொள்ளலாம். காற்றுப் படுக்கையைப் பிள்ளைகள் குதித்து விளையாட விட்டுவிடு. காலையில் நீ கேட்கிற கேள்வியைக் கேள். இந்தத் தடவை நிஜத்தைத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
அத்தை

பி.கு.: ஹால் சுவரில் மணிக்கு மணி குருவி கத்துகிற அந்தக் கடிகாரத்தின் பேட்டரியை நான்தான் போன தடவை கழற்றினேன். டிவி ஸ்டாண்டின் இழுப்பறையில் இருக்கிறது.